சுனந்தா திரும்பப் பெற்ற கட்டுரை

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் திவ்யா போன மாதம் சென்னையிலிருந்து போன் செய்தார். நிறுவனத்தில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்களாம். விஞ்ஞானியின் பெயரைத் தட்டினால் போதும். அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, மற்றவர்கள் அவற்றை எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழுகிறதாம்.

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான் சார். ஆனா கீழே குறிப்பு எழுத இடமே இல்ல. கேட்டா, குறிப்பெல்லாம் இனிமே வேணாம்னுட்டாங்க. நீங்க எழுதின பழைய குறிப்புங்களைப் பாத்தேன். ஒருத்தருக்கே ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. எதுக்கு சார் அவ்ளோ?"

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, மூளையைப் பற்றியோ ஆராய்ச்சியைப் பற்றியோ எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடலாமே என்று தோன்றியது. இதில் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான்.

நான் ஆரணி கொசப்பாளையத்துக்காரன். வீட்டில் எல்லோருக்கும் பட்டுத் தறி. எனக்குத் தறி வரவில்லை. படிப்பு சுமாராக வந்தது. வேலூரில் விலங்கியல் படித்து, சென்னையில் நூலக அறிவியல் முடித்து, அங்கேயே ஒரு மூளை ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை வேறு இடம் போகவில்லை. முதல் சில வருடங்கள் பத்திரிகைகளை அடுக்குவதும், கேட்டவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதுமாகப் போயின. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு விஞ்ஞானிகளின் பதவி உயர்வுக்கு எண்களைப் பார்க்கும் பழக்கமும் வந்தது. ஒரு விஞ்ஞானி எழுதும் கட்டுரையின் கடைசியில், முன்னால் யார் யார் கண்டு சொன்னதை வைத்துத் தான் எழுதினார் என்று ஒரு பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு மேற்கோள். ஆபீஸில் 'சைட்டேஷன்' என்போம். உங்களுடைய பத்துக் கட்டுரைகளுக்குத் தலா பத்து மேற்கோளாவது இருந்தால் உங்கள் எச்-இண்டெக்ஸ் பத்து. பள்ளிக்கூடத்து மார்க் மாதிரிதான். இதை எல்லோருக்கும் தொகுத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

அப்போது இயக்குநராக இருந்தவர் டாக்டர் தணிகாசலம். நரம்பியல் மருத்துவராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். ஒல்லியான மனிதர். அவர் அறைக்குள் வந்ததே, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருப்பார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பதில் சொல்லாமல் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடிப்பார். அவர் வெந்நீர் குடித்தால் எழுந்து போய்விட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதல் தடவை நான் எண்களை அழகாகக் கட்டம் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். எண்கள் இருந்த பத்தியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இதை விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லு."

மிச்சம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை.

"எண்ணு தப்புன்னு சொல்லல பரந்தாமன். காய்ச்சல் நூத்திரெண்டுன்னா உள்ள ஏதோ இருக்குன்னு தெரியும். என்ன காய்ச்சல்னு தெர்மாமீட்டர் சொல்லாது. இவர் எழுதினதை யார் எடுத்துக்காட்டினாங்க, எதுக்கு எடுத்துக்காட்டினாங்க? அதைப் பாத்து எழுதிட்டு வா."

அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒருவருடைய முக்கியமான கட்டுரைகளை முதலில் எடுப்பேன். அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, மேற்கோள் வருகிற வாக்கியத்தை மட்டும் படிப்பேன். சிலர் அந்தக் கட்டுரையின் மேல் நின்றுகொண்டு எழுதியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் இவர்கள் எழுதியதும் விழுந்துவிடும். சிலர் போகிற போக்கில் கும்பிடு போட்டிருப்பார்கள். சிலர் மறுத்திருப்பார்கள், மறுத்தாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். சிலது சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வைக்கிற மொய் மாதிரி, மாணவர் ஆசிரியருக்கு வைத்தது. எது எவ்வளவு என்று குறிப்பில் எழுதுவேன். தேர்வுக் குழு கூடும்போது மேஜையின் கடைசியில் உட்கார்ந்து குறிப்பை முழுக்கப் படிப்பேன். அதன் பிறகுதான் எண்ணைக் காட்டுவார் தணிகாசலம்.

ஒரு மூத்த விஞ்ஞானிக்கு எங்கள் நிறுவனத்திலேயே அதிக மேற்கோள். அவருடைய வாக்கியங்களைத் தேடிப் படித்தபோது, பல கட்டுரைகளில் ஒரே வாக்கியம் அப்படியே திரும்பத் திரும்ப வந்தது. அதில் இருந்த எழுத்துப்பிழைகூட மாறவில்லை. அவருடைய கட்டுரையைப் படிக்காமலே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்கள். குழுவில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். தணிகாசலம் "தேங்க் யூ. அடுத்தது" என்றார். அவ்வளவுதான்.

சுனந்தா வெளிநாட்டிலிருந்து திரும்பி எங்களிடம் வேலைக்கு விண்ணப்பித்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. பெரிய இடங்களில் வேலை பார்த்தவர் என்றார்கள். நான் தேடினால் சில கட்டுரைகள்தான் கிடைத்தன. தயங்கிக்கொண்டே போன் செய்து கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க அப்பா பேரைப் போட்டுத் தேடுங்க சார். தரணேந்திரன்."

நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியல். வெளிநாட்டில் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இவருடைய பெயரை இனிஷியலாகச் சுருக்கிவிட்டார்கள். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்துகொண்டிருந்த தரணேந்திர நயினார், அவருக்கே தெரியாமல் மகளின் மூளை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பாதியை எழுதியிருந்தார். இரண்டு பெயரையும் ஒன்று சேர்த்துக் குறிப்பு எழுதினேன். சுனந்தாவுக்கு வேலை கிடைத்தது.

நான் ஆரணி என்று தெரிந்ததும் என் அறைக்கு வந்தார். "நம்ம பக்கம்தானா சார் நீங்க?" என்று உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் விஷயத்துக்கு வந்தார். பல வருடம் தறி நெய்தவர்களின் மூளையில் விரல்களை ஆளும் பகுதி மற்றவர்களுடையதைப் போலத்தான் இருக்குமா என்று பார்க்க வேண்டும். நெசவாளர்கள் சென்னை வந்து ஸ்கேனுக்குப் படுப்பார்களா?

என் பெரியப்பா மகன் ஏகாம்பரம் அண்ணன் தறிக்காரர். அவரிடம் அழைத்துப் போனேன். "தலைய வெட்டி ஒண்ணும் பாக்க மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் ஒரு வேனுக்கு ஆள் சேர்த்துவிட்டார். அடுத்தடுத்துப் பல வேன்கள் போயின. ஒப்பிட்டுப் பார்க்க, தறியே தெரியாதவர்களையும் பின்னால் ஸ்கேன் செய்தார்கள்.

நம் இடது கையை ஆள்வது மூளையின் வலது பாதி. வலது கையை ஆள்வது இடது பாதி. நெசவாளர்களுக்கு இடது கை விரல்களை ஆளும் பகுதி மற்றவர்களைவிடத் தடிமனாக இருக்கிறது என்று சுனந்தாவின் கட்டுரை சொன்னது. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர்களுக்கு, இடது கையைப் பழக்கினால் அது வலது கைக்கும் உதவக்கூடும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. 'உதவக்கூடும்' என்றுதான் எழுதியிருந்தார். செய்தித்தாள்கள் அதை 'உதவும்' ஆக்கின.

அந்தக் கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. பக்கவாத ஆராய்ச்சி செய்கிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்களின் கையைப் பற்றி எழுதுகிறவர்கள், முதுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் என எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். அவருடைய மற்ற கட்டுரைகளை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒன்றின் எண்ணிக்கைக்கு வரவில்லை. ஆரணியிலும் பெருமை. ஒரு பட்டுக் கடைக்காரர் செய்தியை வெட்டிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டார். ஏகாம்பரம் அண்ணன் அந்தச் செய்தியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

சுனந்தா பேராசிரியர் பதவிக்குத் தகுதி பெற்ற வருடம். குழு கூடுவதற்குச் சில வாரங்கள் இருந்தன. அவருக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் வந்து கதவருகிலேயே நின்றார்.

"சார், ஒரு கணக்குப் போட்டுத் தரீங்களா? நெசவாளர் கட்டுரையை எடுத்துட்டா என் பேருல என்ன மிஞ்சும்?"

"எதுக்கு மேடம் எடுக்கணும்?"

உட்கார்ந்து சொன்னார். வேறு நாட்டில் ஒருவர், நானும் கணக்கிட்டுப் பார்க்கிறேன் என்று பழைய ஸ்கேன் படங்களைக் கேட்டிருந்தார். அனுப்புவதற்கு முன் சுனந்தா மூலப் படங்களைத் திறந்து பார்த்திருக்கிறார். ஸ்கேனுக்கு முன் ஒவ்வொருவருடைய வலது நெற்றிப்பொட்டிலும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுவார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எந்தப் பக்கம் வலது என்பதற்கு அதுதான் அடையாளம். மற்றவர்களின் படத்தில் புள்ளி வலது பக்கம் இருந்தது. நெசவாளர்களின் படத்தில் இடது பக்கம் இருந்தது.

நடுவில் ஸ்கேன் இயந்திரத்தின் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். அதற்கு முன் எடுத்த படங்களெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திரும்பிப் பதிவாகியிருந்தன. நெசவாளர்கள் மாற்றத்துக்கு முன்னால் வந்தவர்கள். மற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். கணக்குப் போடும்போது கம்ப்யூட்டர் மண்டையோட்டையும் தோலையும் நீக்கிவிட்டு மூளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். மாத்திரையும் அதோடு போய்விடும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஒருவரின் இடது பாதியை இன்னொருவரின் வலது பாதியோடு ஒப்பிட்டிருந்தார்கள். யாருக்குமே இரண்டு பாதியும் ஒரே அளவில் இருப்பதில்லை. அந்தச் சாதாரண வித்தியாசம்தான் நெசவாளரின் சிறப்பாகத் தெரிந்திருந்தது.

"சரியாத் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன் சார். ஒண்ணும் இல்ல."

கணக்குப் போட்டேன். எச்-இண்டெக்ஸ் அவ்வளவாகக் குறையவில்லை. ஒரு கட்டுரை போனால் அந்த எண் ஒரு படிதான் இறங்கும். ஆனால் மொத்த மேற்கோள் பாதிக்கும் கீழே போயிற்று. குழுவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த மொத்தத்தைத்தான். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

இருவருமாக இயக்குநரிடம் போனோம். தணிகாசலம் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது.

"கமிட்டி அடுத்த மாசம். நீ இன்னிக்கே பத்திரிகைக்கு எழுதினாலும் அவங்க விசாரிச்சு அறிவிக்கப் பல மாசம் ஆகும். கமிட்டி அன்னிக்கு அந்தக் கட்டுரை முறையாப் பட்டியல்லதான் இருக்கும். அதுல பொய் ஒண்ணும் இல்ல. முதல்ல கமிட்டி முடியட்டும். அப்புறம் எழுதேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல விஞ்ஞானியை இழக்கக் கூடாது என்று நினைத்தார். சுனந்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், கமிட்டியில நீங்க எண்ணைக் காட்டறதுக்கு முன்னாடி பரந்தாமன் சார் குறிப்பு படிப்பார். நெசவாளர் கட்டுரையை இத்தனை பேர் நம்பி எழுதியிருக்காங்கன்னு படிப்பார். நான் வெளியில உக்காந்திருப்பேன். அது என்னால முடியாது சார்."

தணிகாசலம் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். நான் எழுந்தேன். ஆனால் அன்றைக்கு அவர் மூடியில் ஊற்றிய வெந்நீரைச் சுனந்தா பக்கம் நகர்த்தினார்.

"குடி. குடிச்சிட்டு எழுதிட்டு வா. அனுப்பறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை படிக்கிறேன்."

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சுனந்தா அன்றே எழுதினார். அவரோடு சேர்ந்து அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் இருவர். ஒருவர் உடனே கையெழுத்துப் போட்டார். இன்னொருவர், தன் வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரைதான் பிரதானம் என்று சண்டை போட்டுவிட்டு, பிறகு போட்டார். அவர் அதன் பின் சுனந்தாவோடு பேசவில்லை. குற்றம் சொல்ல முடியாது; அவருக்கும் அது வாழ்க்கை.

குழுவில் குறிப்பைப் படித்தேன். 'இந்தக் கட்டுரையை ஆசிரியரே திரும்பப் பெறக் கேட்டிருக்கிறார். காரணம் இது' என்று எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர், "நேர்மையைப் பாராட்டறோம். ஆனா இது இல்லாம மத்த கேண்டிடேட்டுங்களோட எப்படி வெச்சுப் பாக்கறது?" என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். தணிகாசலம் ஒரு தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அந்த வருடம் பதவி வேறொருவருக்குப் போயிற்று. சுனந்தாவுக்கு அது கிடைத்தபோது தணிகாசலம் ஓய்வு பெற்று வெகு நாளாகியிருந்தது.

இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து நடந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை.

பத்திரிகை அறிவிப்பு வெளியிட்ட பிறகு ஒரு நாள், "ஆரணிக்குப் போகணும் சார்" என்றார் சுனந்தா.

"எதுக்கு மேடம்? ஆராய்ச்சிக்கு வந்தவங்ககிட்டப் போயி முடிவைச் சொல்லணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே."

"முடிவு வந்தப்போ போயி சொன்னோமே சார். ஸ்வீட் குடுத்தோம். இப்ப மட்டும் போகாம இருக்கறதா?"

காட்பாடி வரை ரயிலில் வந்து, வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழி பஸ் பிடித்தோம். அண்ணன் வீட்டுக்குப் போனபோது மதியம் தாண்டியிருந்தது. அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்தார். சொல்லி அனுப்பியிருந்ததால் நெசவாளர்கள் பலர் வந்திருந்தார்கள். அண்ணி கன்னியம்மாள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. நான் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தேன். பேச்சு மெதுவாகத் திரும்பிவிட்டது, நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். வலது கை மட்டும் மடியில் மடித்து வைத்த துணி மாதிரி கிடந்தது.

சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. சுனந்தா அதன் முன் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"உள்ள இருக்கறவங்க எந்தக் கையைத் தூக்கறாங்க?"

"இடது கை" என்றார்கள்.

"இப்படித்தாங்க உங்க படமெல்லாம் திரும்பிப் போச்சு. அதைக் கவனிக்காம, உங்க மூளை வேற மாதிரி இருக்குன்னு எழுதிட்டேன். அது தப்புங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"அப்ப எங்க மூளை எல்லாருக்கும் இருக்கற மாதிரிதானா?"

"இந்தப் படத்துல வித்தியாசம் தெரியலைங்க. வேற எங்கயாச்சும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேம்மா. இப்ப வூடு வூடாப் போயி இல்லன்னு சொல்லணுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டுக் கடைக்காரரும் வந்திருந்தார். "சட்டம் போட்டது போட்டதுதான், பாக்க நல்லா இருக்குது, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பேச்சு அதோடு லேசாக முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. அப்போது அண்ணனின் முகம் மாறியது. சட்டைப் பையில் கை வைத்தவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவளுக்குச் செய்யறது?"

"என்ன செய்யறீங்க?" என்றார் சுனந்தா.

"இடது கையப் பழக்கினா வலது கை வரும்னு போட்டிருந்ததே. பிசியோதெரபிக்கு வர்ற தம்பி ரெண்டு கைக்கும் குடுக்கணும்னு சொன்னாரு. நான்தான் பேப்பரக் காட்டி, எங்க ஊரு ஆளுங்கள வெச்சே கண்டுபுடிச்சது, இடது கைக்கே குடுன்னு சண்ட போட்டேன். இத்தினி மாசமா இடது கையிலயே பந்தைப் புடிச்சிகினு உக்காந்திருந்தாளே!"

சுனந்தாவின் முகத்தை நான் பார்த்தேன். குழு முடிந்து முடிவு தெரிந்த அன்றும் அந்த முகம் இப்படி ஆகவில்லை. 'உதவக்கூடும்' என்றுதானே எழுதியிருந்தார் என்ற நினைப்பில், "அண்ணே, கட்டுரையில அப்படி நிச்சயமா..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க சார்" என்றார் சுனந்தா.

அண்ணி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "என் தப்புதாங்க" என்றார். "நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல. ஆராய்ச்சி பண்றவ. எங்க இடத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காங்க. இப்பவே கேக்கறேன்."

அண்ணன் விடவில்லை. "கேட்டு? போன மாசமெல்லாம் திரும்பி வருமா?" என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அண்ணி மட்டும் சுனந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எனக்கு... எந்தக் கைன்னு சொல்லுங்க. அத்தச் செய்யறேன்."

சென்னையிலிருந்த டாக்டர் உடனே கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு நிறையக் கேட்டார். தோளைத் தூக்க முடிகிறதா, முழங்கை மடங்குகிறதா, விரல் அசைகிறதா? சுனந்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அண்ணியைச் செய்யச் சொல்லிப் பார்த்துச் சொன்னார். தோள் கொஞ்சம் உயர்ந்தது. முழங்கை மடங்கவில்லை. விரல்கள் கிடந்தபடி கிடந்தன. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டபோது ஆட்காட்டி விரல் லேசாக இழுத்தது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"அசைஞ்சுதா?"

"அசைஞ்சுதுங்க."

இன்றைக்கே அந்தக் கைக்கு வேலை கொடுங்கள், அடுத்த வாரம் அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். தாமதமானதால் முழுக்க வராமல் போகலாம் என்றும் சொன்னார். சுனந்தா அதையும் மறைக்காமல் அண்ணனிடம் சொன்னார்.

போனை வைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அண்ணன் மருமகள் இட்லி கொண்டுவந்து வைத்தாள். "வேணாங்க, பொழுது போனா சாப்பிட மாட்டேன்" என்றார் சுனந்தா. அண்ணன் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார்.

"நயினார் வூட்டுப் பொண்ணா?"

"ஆமாங்க. வந்தவாசிப் பக்கம்."

எங்கள் பக்கத்துச் சமணர்களை நயினார் என்போம்; பொழுது சாய்ந்தால் அவர்கள் சாப்பிடுவதில்லை. அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். பஸ் நகரும்போது, "அடுத்த வாரம் கூட்டிகினு வரேன்" என்றார். அது கோபமா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்னபடி அழைத்து வந்தார். பிசியோதெரபி தம்பியும் லீவு போட்டுவிட்டு வந்து, டாக்டர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து வலது கைக்குப் பயிற்சி நடந்தது. பிடிக்க முடியாத பந்தைப் பிடிக்கச் சொல்வதும், அது விழுவதும், அண்ணன் எடுத்துக் கொடுப்பதும்தான் பல மாதங்கள். பிறகு விரல்கள் மடங்கின. அண்ணன் போன் செய்து சொன்னதைச் சுனந்தாவிடம் சொன்னேன். "தானாவும் வந்திருக்கலாம் சார். ஒருத்தரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றார். சொல்லிவிட்டு, எந்த விரல் முதலில் மடங்கியது என்று கேட்டார்.

சுனந்தா மறுபடியும் நெசவாளர்களை ஸ்கேன் செய்தார். இந்தத் தடவை முதல் ஆளின் மூலப் படத்திலேயே புள்ளி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைப் படுக்க வைத்தார். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது. சின்னப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதை எடுத்துக்காட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திரும்பப் பெற்ற கட்டுரையோ நிற்கவில்லை. அறிவிப்பைப் பார்க்காமல் உலகத்தில் யாராவது அதை எடுத்துக்காட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் அவ்வப்போது தேடிச் சொல்வேன். சுனந்தா அவர்களுக்கு எழுதுவார். சிலர் நன்றி சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. இன்றைக்கும் திவ்யாவின் சாஃப்ட்வேரில் சுனந்தாவின் பெயரைத் தட்டினால் மேலே வந்து நிற்பது அந்தக் கட்டுரைதான் என்கிறார் திவ்யா. அவருடைய மொத்தத்தை இன்றைக்கும் அதுதான் தூக்கிப் பிடித்திருக்கிறது. குறிப்பு எதற்கு என்றால், இதற்குத்தான். அந்த இடத்தில் ஒரு வரி எழுத அனுமதி கேளுங்கள், திவ்யா. கொடுக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பின் ஆரணிக்கே வந்துவிட்டேன். போன தை மாதம் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். அண்ணனே சுனந்தாவுக்குப் போன் செய்து கூப்பிட்டார். விடியற்காலையிலேயே கிளம்பி முகூர்த்தத்துக்கு வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தோம். வாசலில் அண்ணி தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள் நின்று பைகளை எடுத்துத் தர, அண்ணி வாங்கி, வந்தவர்களுக்குக் கொடுத்தார். கூட்டம் அதிகமாக இருந்ததால், எது வசதியோ அந்தக் கையால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுனந்தாவைப் பார்த்ததும் நிறுத்தினார். இடது கையில் இருந்த பையை வலது கைக்கு மாற்றினார். விரல்கள் கைப்பிடியைச் சுற்றி மடங்கச் சற்று நேரம் ஆயிற்று. மருமகள் உதவிக்குக் கை நீட்டினாள். அண்ணி தலையசைத்து வேண்டாம் என்றார். தேங்காயின் கனத்தில் பை ஆடியது. சுனந்தா அவசரப்பட்டு வாங்கவில்லை. அந்தக் கை தன்னிடம் வந்து சேரும் வரை நின்றிருந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.